நுளம்பு இலாகா

இரத்தினவேல் அண்ணை என்னுடைய சகலன். அக்காவை அவரும் தங்கையை நானுமாகக் கட்டிக்கொண்டு, ஒரே மாமியாரிடம் முப்பது வருடம் பேச்சு வாங்கியவர்கள் நாங்கள். இந்த உறவில் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லதாக நினைக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே நான் சொல்லப்போவதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் எந்தப் பொருளையும் சும்மா வாங்கமாட்டார். ஒரு டோஸ்டர் வாங்குவதற்கு ஒரு முழு மாரிகாலம் எடுத்தவர். கடை கடையாகப் போய்ப் பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசித்தார். பிறகு அதே டோஸ்டர் வைத்திருக்கிற ஆட்களைத் தேடிப் பிடித்து, பாண் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கருகுகிறதா என்று ஃபோனில் விசாரித்தார். கடைசியில் வாங்கினார். ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கும் அவருடைய வீட்டில் காலையில் எல்லோரும் சாப்பிடுவது புட்டும் இடியப்பமும்தான். டோஸ்டர் இன்றைக்கும் புத்தம் புதிதாக இருக்கிறது.

கார்களின் கதவுகளுக்கு ரப்பர் வார் பொருத்துகிற தொழிற்சாலையில் அவர் வேலை செய்தார். மழைத்தண்ணீர் உள்ளே ஒழுகாமல் பார்ப்பது அவருடைய பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் யன்னலோரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதால காத்து வருது" என்று சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார். என் வீட்டில் எல்லா யன்னலாலும் காற்று வருகிறதாம். கேட்டுக் கேட்டு எனக்கே குளிர ஆரம்பித்துவிட்டது.

ஒரு காலத்தில் அந்த வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானித்தவர் அவர்தான். மகன் ராகுலன் வளர்ந்து, வங்கியில் நல்ல வேலைக்குப் போய், மெலனியைக் கட்டி, பக்கத்திலேயே வீடு வாங்கிக்கொண்டு போன பிறகு தீர்மானங்களும் அந்த வீட்டுக்கே குடிபோய்விட்டன. அதைப் பற்றி அண்ணை பெரிதாகக் கவலைப்படவில்லை. ஏனென்றால் அவருக்குச் சனிக்கிழமை இருந்தது. சனிக்கிழமை காலையில் பேத்தி சிவானியைக் கூட்டிக்கொண்டு போய் மாலைவரை வைத்திருப்பது அவருடைய பதவி. பூங்கா, நூலகம், பிளாசாக் கடையில் சாப்பிட ஒரு ரோல்ஸ், பிறகு வீடு. மற்ற நாளெல்லாம் சனிக்கிழமைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருப்பார்.

அந்தப் பதவி போன கோடையில் பறிபோனது. ரூஜ் ஆற்றங்கரைக்கு நாங்கள் எல்லோரும் சமைத்துக் கட்டிக்கொண்டு போயிருந்தோம். சிவானியை ஆற்றோரம் கூட்டிக்கொண்டு போய் வாத்துக் காட்டியவர் அண்ணை. ஒரு நுளம்பு, ஒரேயொரு நுளம்பு, பிள்ளையின் கண் ஓரத்தில் குத்திவிட்டது. வீட்டுக்கு வரும்போது கண் வீங்கி முழுதாக மூடிவிட்டது. மெலனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். சில பிள்ளைகளுக்கு நுளம்புக்கடி அப்படித்தான் வீங்கும், இனிமேல் கவனமாகப் பாருங்கள் என்று சொல்லி மருந்து கொடுத்தார் டொக்டர். இரண்டு நாளில் வீக்கம் வற்றிவிட்டது.

எங்கள் பெற்றோர் காலத்தில் என்றால் ஒரு சண்டை நடந்திருக்கும். யாராவது யாரையாவது திட்டி, யாராவது அழுது, ஒரு வாரம் பேசாமல் இருந்து, பிறகு ஒரு கலியாண வீட்டில் எல்லாம் சரியாகியிருக்கும். இந்த நாட்டில் படித்த பிள்ளைகள் அப்படியான அநாகரிகம் எதுவும் செய்வதில்லை. அவர்கள் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை சிவானிக்கு நீச்சல். அதற்கடுத்த சனிக்கிழமை நீச்சலோடு பரதமும் சேர்ந்துகொண்டது. பிறகு பியானோ. மாமா களைத்துப்போவார், நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ என்று மெலனி அன்பாகச் சொன்னாள். அண்ணையும் தலையாட்டினார். சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து யன்னலைத் தடவத் தொடங்கினார். அப்போதுதான் நானும் இந்தப் பிரச்சினையில் சம்பந்தப்பட்டவனானேன்.

மார்ச் விடுமுறைக்கு எல்லோரும் டொமினிக்கன் ரிப்பப்ளிக் போவதாக ராகுலன் ஒழுங்கு செய்தான். கடற்கரை விடுதி, சாப்பாடு, குடிவகை எல்லாம் உள்ளடக்கம். தாய் தகப்பனோடு, போனால் போகட்டும் என்று எங்களையும் சேர்த்துக்கொண்டான். விடுதி, அறை, விமானம், இருக்கை எல்லாவற்றையும் ஃபோனிலேயே முடித்துவிட்டான். அண்ணை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு யோசனை சொல்ல வாயைத் திறப்பதும், அந்த அலுவல் ஏற்கனவே முடிந்துவிட்டது என்று கேட்டு வாயை மூடுவதுமாக இருந்தார். கடைசியில் மகனுக்கே பாவமாகப் போயிற்று.

"அப்பா, மொஸ்கீட்டோ டிப்பார்ட்மென்ற் உங்கட. என்ன ஸ்பிறே வேணுமெண்டு பாத்து வாங்குங்கோ. ஓகே?"

அண்ணைக்கு நுளம்பு இலாகா கிடைத்துவிட்டது. அவனுக்கு அது தகப்பனின் வாயை அடைக்கிற உபாயம். ஆனால் அண்ணை அன்றிரவே எனக்கு ஃபோன் எடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, இந்த முறை பிள்ளையில ஒரு கடி விழாமல் பாத்தனெண்டால், மெலனி சனிக்கிழமையைத் திருப்பித் தந்திடுவா."

அன்றிலிருந்து விடுமுறை என்பது கடல் பார்க்கிற விஷயமாக இல்லாமல் போயிற்று. அது அவருக்குப் பரீட்சை. டோஸ்டருக்கே ஒரு மாரிகாலம் எடுத்த மனிதர், பேத்திக்கு எவ்வளவு எடுப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வாட்ஸப்பில் கேட்டார். அது பெரிய பிழை. எங்கள் ஆட்களிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்டால் பதில் வராது, பதில்கள் வரும். வேப்பெண்ணெய் என்றார் ஒருவர். உள்ளிப்பல்லை அரைத்துப் பூசு, நுளம்பு மட்டுமல்ல, ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள் என்றார் இன்னொருவர். விற்றமின் மாத்திரை போட்டால் இரத்தமே நுளம்புக்குக் கசக்கும் என்றார் ஒரு ஓய்வுபெற்ற கணக்காளர். ரெக்ஸ்டேலில் இருக்கும் அவருடைய பழைய தொழிற்சாலைச் சிநேகிதர் றொனால்ட், தான் எட்டு முறை கியூபா போனதாகவும், ரம் குடித்தவனை நுளம்பு கடிப்பதே இல்லை என்றும் உறுதியாகச் சொன்னார். கடித்திருந்தாலும் றொனால்டுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பிறகு கடைகளுக்கு இறங்கினார். அதிலும் ஒரு தொல்லை. பெப்ரவரி மாதம் ஸ்காபரோவில் நுளம்பு மருந்து கேட்கிறவரைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வெளியே முழங்கால்வரை பனி. கடை வாசலில் உப்புப் பைகளும் பனி வாருகிற சவள்களும் அடுக்கியிருக்கின்றன. தொப்பி, கையுறை, மூக்குவரை சால்வை என்று சுற்றிக்கொண்டு ஒருவர் வந்து, நுளம்புக்கு நல்லது என்ன இருக்கு என்று கேட்டால் அவர்களும் பாவம் என்ன செய்வார்கள்? ஒரு கடையில் அவரை மெதுவாகக் கதிரையில் இருத்தி, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்களாம்.

எப்படியோ தேடி எடுத்து, என் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். தன் வீட்டில் பரப்ப அவருடைய மனைவி ஜெயமலர் அக்கா விடவில்லை. டீட் என்று ஒன்று, இக்காரிடின் என்று ஒன்று, எலுமிச்சை மணக்கிற யூக்கலிப்டஸ் எண்ணெய் ஒன்று, மணிக்கட்டில் மாட்டுகிற ரப்பர் வளையம் ஒன்று. வளையம் முதல் சுற்றிலேயே தோற்றது. அது கையை மட்டும் காப்பாற்றும், அதுவும் நுளம்புக்கு மனமிருந்தால் என்று தீர்ப்புச் சொன்னார். டீட் நல்லதுதான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு வீதம் குறைந்ததைத்தான் பாவிக்கவேண்டும், அதையும் அளவோடுதான் என்று போத்தலில் இருந்ததை வாசித்துக் காட்டினார். தன் பழைய மணிக்கூட்டின் பிளாஸ்டிக் கண்ணாடியில் ஒரு துளி விட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக் மங்கிப்போனது. "மணிக்கூட்டையே தின்னுது" என்று சொல்லி அதை ஒதுக்கிவைத்தார்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு நுளம்பு வேண்டும். பெப்ரவரியில் நுளம்புக்கு எங்கே போவது? அது இல்லாதபடியால், தோலில் அரிப்பு வருகிறதா என்றாவது பார்க்கலாம் என்று முடிவு செய்தார். யாருடைய தோலில்? இந்த இடத்தில்தான் எனக்கும் வரலாற்றில் ஒரு பங்கு கிடைத்தது. என் இடது கையில் பேனாவால் கோடு கிழித்து, கட்டம் கட்டமாக ஒவ்வொன்றையும் பூசிவிட்டு, கழுவாமல் இருக்கச் சொன்னார். ஏன் உங்கள் கையில் பூசக்கூடாது என்று கேட்டேன். தான் பரிசோதிப்பவர், பரிசோதிப்பவரும் பரிசோதிக்கப்படுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்றார். அன்று முழுதும் என் கை எலுமிச்சை ஊறுகாய் மாதிரியும் ஆஸ்பத்திரி மாதிரியும் மாறி மாறி மணத்தது. என் மனைவி அருள்நாயகி கட்டிலில் தலையணையைக் கொண்டுபோய் மறுபக்கத்தில் போட்டாள்.

கடைசியில், மருந்துக்கடையில் இருக்கும் பெண்ணிடமும் போய், பிள்ளைக்குக் கண் வீங்கிய கதையை முழுதாகச் சொல்லிக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, இக்காரிடின் இருபது வீதம் என்று தீர்ப்பு வழங்கினார். மணமில்லை, பிசுபிசுப்பில்லை, பிளாஸ்டிக்கைத் தின்னாது, பிள்ளைக்கும் பூசலாம். பச்சை மூடி போட்ட பெரிய போத்தலாக ஆளுக்கு ஒன்று வாங்கினார். பூசுகிற முறையையும் பாடமாக்கிவிட்டார். முதலில் வெயில் கிறீம், அது காய்ந்த பிறகு இது. முகத்துக்கு நேராக அடிக்கக்கூடாது. எங்கள் உள்ளங்கையில் விட்டுப் பூசவேண்டும். பிள்ளையின் கையில் பூசக்கூடாது, அது வாயில் வைக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கந்தசஷ்டி கவசத்தைக்கூட இவ்வளவு பிழையில்லாமல் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி ஜெயமலர் அக்காவின் பெட்டிக்கு வருகிறேன். மூன்று வேளையும் மேசை நிறையச் சாப்பாடு போடுகிற விடுதிக்குத்தான் போகிறோம், எல்லாவற்றுக்கும் காசு கட்டியாயிற்று. ஆனாலும் எங்கள் ஆட்கள் மற்றவன் சமைத்ததை நம்பி விமானம் ஏறியதாகச் சரித்திரம் இல்லை. அக்கா வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், பருப்பு, மாசிச் சம்பல், எலுமிச்சை ஊறுகாய், ஒரு சின்ன ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் அடுக்கியிருந்தா. உடுப்பு மிச்சமிருந்த மூலைகளில் இருந்தது. அண்ணை போத்தல்களைக் கொண்டுபோய் அதற்குள் வைக்கப்போனபோது அக்கா பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டா.

"சாப்பாட்டோட நஞ்சை வைக்க விடமாட்டன். நுளம்பு சாகிறதெண்டால் மனிசர் என்ன பாடு?"

நுளம்பு சாகாது, விலகிப் போகும், அவ்வளவுதான் என்று அண்ணை விளங்கப்படுத்தினார். விலகிப் போகிறதென்றால் அது எவ்வளவு நஞ்சாக இருக்கவேண்டும் என்று அக்கா கேட்டா. எங்கள் வீடுகளில் மண்ணெண்ணெய்ப் போத்தலை அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் வைக்க விடாத தாய்மாரிடம் வளர்ந்தவ; இந்த வழக்கில் அவவை வெல்ல ஒருவராலும் ஏலாது. மற்றப் பெட்டியில் என் வீட்டுச் சாப்பாடு. அருள்நாயகியும் அதே தாயின் மகள்தானே. ஆகவே போத்தல்கள் எல்லாம் அண்ணை தோளில் மாட்டுகிற கைப்பைக்குள் போயின. கண்ணுக்கு முன்னால் இருந்தால் அதுவும் நல்லதுதான் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். இத்தனையையும் யோசித்த மனிதர், விமானத்துக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எனக்கு என் கையை எப்போது கழுவலாம் என்பதே யோசனையாக இருந்தது.

பியர்சன் விமான நிலையத்தில் பாதுகாப்புப் பரிசோதனைக்கு நின்ற பெண், பையைத் திறந்து பச்சை மூடிப் போத்தல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக வைத்தா. திரவத்தின் அளவு அதிகம், கொண்டுபோக ஏலாது என்று மரியாதையாகத்தான் சொன்னா. அண்ணை அவவுக்குச் சிவானியின் கண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஆங்கிலம் அவருக்கு அவசரத்தில் வராது. பின்னால் நின்ற சனம் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. முன்னால் போய்விட்ட மெலனி, பிள்ளையின் கையைப் பிடித்தபடி திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போத்தல்கள் ஒரு பெரிய தொட்டிக்குள் விழுந்தன. ரைஸ் குக்கரும் மிளகாய்த்தூளும் ராஜமரியாதையோடு எங்களுக்கு முன்பே விமானத்தில் ஏறியிருந்தன.

விமானம் ஏறும் வாயிலடியில் இருந்த கடைகளில் கழுத்துத் தலையணையும் மேப்பிள் இனிப்பும் விற்றார்கள். அண்ணை ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து, விமானத்தில் யன்னலோரம் இருந்தார். ரப்பர் ஓரத்தைத் தடவிப் பார்க்கவில்லை. அவருக்கு எவ்வளவு நொந்திருக்கிறது என்று எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

போய் இறங்கியதும், விடுதிக் கடையில் ஸ்பிரே முடிந்துவிட்டது என்றார்கள். மிஞ்சியிருந்தது அந்த ரப்பர் வளையம். அண்ணை அதைப் பார்த்த பார்வையில் அது தானே கழன்று விழுந்திருக்கவேண்டும். வெளியே போய் மருந்துக்கடை தேடலாமா என்று மகனிடம் கேட்டார். ராகுலன், விடுமுறைக்கு வந்த இடத்தில் ரென்சன் வேண்டாம் அப்பா, ரிலாக்ஸ் என்றான். பொழுது சாயத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் கடற்கரைக் கதிரைகளில் இருந்தோம். அப்போது மெலனி தன் பையைத் திறந்து, ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். பச்சை மூடி. இக்காரிடின் இருபது வீதம்.

சிவானியைத் தனக்கு முன்னால் நிறுத்தி, உள்ளங்கையில் விட்டு, கழுத்து, காது, கால் என்று பூசினாள். கையில் பூசவில்லை. பாதி முடிந்த போத்தல் அது. ரொறன்ரோவிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. அவள் அதை ஒளித்தும் செய்யவில்லை, காட்டியும் செய்யவில்லை. குழந்தை வைத்தியரைக் கேட்டு எப்போதோ வாங்கி வைத்ததாம். மாமா ஏதாவது வாங்குவார்தான், ஆனாலும் ஒரு பாதுகாப்புக்கு என்று ராகுலனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். எங்களுக்கு ஆங்கிலம் விளங்காது என்பது பிள்ளைகளின் ஆழமான நம்பிக்கைகளில் ஒன்று.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. மகனும் மருமகளுமாகச் சேர்ந்து, அழுகிற பிள்ளைக்கு வெறும் சூப்பியைக் கொடுப்பது மாதிரி ஒரு இலாகாவைக் கொடுத்து, அந்த மனிதனை இரண்டு மாதம் பனியில் அலையவிட்டிருக்கிறார்கள். என் கை வேறு. அறைக்கு வந்ததும் பல்கனியில் வைத்து, இதைச் சும்மா விடக்கூடாது, நான் போய்க் கேட்கிறேன் என்று எழும்பினேன். அண்ணை என் சட்டையைப் பிடித்து இருத்தினார்.

"அவ செய்தது சரி தம்பி. பிள்ளையின்ர கண் மூடிக் கிடந்ததை அவவும் பாத்தவ, நானும் பாத்தனான். நானெண்டாலும் என்னை நம்பியிருக்கமாட்டன்."

இருட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு, போத்தல் அதேதான், நான் சொன்ன அதே வீதம் என்று தனக்குத்தானே ஒருமுறை சொன்னார். அதில் அவருக்கு ஏதோ ஆறுதல் இருந்தது.

அடுத்த நாட்களில் அவர் பொழுது சாய்ந்ததும் நீளக் காற்சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு அறைக்குள் இருந்தார். நாங்களும் அப்படித்தான். வெயிலையும் கடலையும் தேடி வந்து, மாலை முழுதும் அறைக்குள் அடைந்து கிடந்து அக்காவின் ரைஸ் குக்கரில் அவித்த சோறும் சம்பலும் சாப்பிட்டோம். ராகுலனும் மெலனியும் எங்களை நினைத்து வெட்கப்பட்டார்கள். காசு கட்டிய சாப்பாடு அங்கே மலை மலையாகக் கிடக்கிறதாம். அவர்கள் போய் இறால், நண்டு, கிறீம் போட்ட கோழி என்று அந்த மலைகளைச் சலிக்காமல் குடைந்தார்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டு பேருக்கும் வயிறு பிடித்துக்கொண்டது. குளியலறைக்கு ஒருவர் போக, மற்றவர் வாசலில் காத்து நின்றார். சிவானி பாலும் பாணும் தவிர வேறெதுவும் தொடாத பிள்ளை, அதனால் தப்பிவிட்டாள். நாங்கள் சோறும் சம்பலுமாகத் திடகாத்திரமாக இருந்தோம். அன்றைக்குப் பார்த்து, நீச்சல் குளத்தடிப் புல்வெளியில் பிள்ளைகளின் ஆட்டம்பாட்டம். சிவானி அதற்காக நாள் முழுதும் முதுகில் மாட்டிய வண்ணத்துப்பூச்சிச் செட்டையைக் கழற்றாமல் திரிந்தவள். போகாவிட்டால் அழுகை. கூட்டிக்கொண்டு போக ஆளில்லை.

மெலனி எங்கள் அறைக் கதவைத் தட்டினாள். முகம் வெளிறி, ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். மறு கையில் அந்தப் போத்தல். ஒரு கணம் யோசித்தாள்; அதை நான் பார்த்தேன். பிறகு அதை அண்ணையிடம் நீட்டினாள்.

"மாமா, நீங்கள் கூட்டிக்கொண்டு போறீங்களா?"

அண்ணை அப்போது ராகுலன் வாங்கிக் கொடுத்த அரைக் காற்சட்டையில் நின்றார். ஆட்டம் தொடங்குகிற நேரம்; அவர் மாற்றப் போகவில்லை. சிவானியை வெளிச்சத்துக்குக் கீழே நிறுத்தி, குந்தியிருந்து, உள்ளங்கையில் விட்டுப் பூசத் தொடங்கினார். காதுக்குப் பின்னால், கழுத்தின் மடிப்பில், முழங்கால் பின்பக்கம், கணுக்கால், செருப்பு வார் இடைவெளி. கார்களின் கதவுக்கு வார் பொருத்திய கை அது; ஒரு மயிரிழை இடைவெளி விடவில்லை. கண்ணுக்குக் கிட்ட வந்தபோது மட்டும் ஒற்றை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பூசினார்.

குளத்தடியில் நுளம்புகள் இசைக்குழுவுக்கு முன்பே வந்து இடம்பிடித்திருந்தன. நானும் அருள்நாயகியும் அவருக்குப் பின்னால் இருந்து இரண்டு கைகளாலும் எங்களையே அடித்துக்கொண்டிருந்தோம். எனக்கும் இரண்டு சொட்டுத் தாருங்கள் என்று கெஞ்சினேன். போத்தலை உள்பையில் போட்டு, பொத்தானும் பூட்டினார். அவர் தன்னை ஒருமுறைகூட அடித்துக்கொள்ளவில்லை. சிவானி ஆடிக்கொண்டிருந்தாள், அவருடைய கண் அவளை விட்டு அசையவில்லை. ஆட்டம் முடிந்து வந்து மடியில் ஏறியவளுக்குக் கால்களில் இன்னொருமுறை பூசினார்.

திரும்பி வந்தபோது மெலனி கட்டிலில் எழும்பி இருந்தாள். பிள்ளையை விளக்கடிக்குக் கொண்டுபோய், செட்டையைக் கழற்றி, கண், காது, முதுகு, விரல் இடுக்கு என்று பார்த்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற ஆசிரியைகூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். நாங்கள் வாசலில் நின்றோம். பிள்ளையில் ஒரு புள்ளிகூட இல்லை. மெலனி நிமிர்ந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தவளின் பார்வை அவருடைய கால்களில் நின்றது. முழங்காலில் இருந்து பாதம்வரை சிவந்து, தடித்து, இடம் விடாமல் கடி.

"மாமா, நீங்கள் பூசேல்லையா?"

"போத்தல்ல கொஞ்சம்தானே பிள்ளை இருந்தது. அவவுக்கு நாளைக்கும் வேணுமல்லோ."

அவர் அதை வெகு சாதாரணமாகச் சொன்னார். கடையில் பால் முடிந்துவிட்டது என்பது மாதிரி. மெலனி தரையில் இருந்து, தன் பையில் இருந்த களிம்பை எடுத்து, மாமாவின் காலில் பூசத் தொடங்கினாள். அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்தார். அவள் விடவில்லை. அவளுடைய கண்ணில் தண்ணீர் நின்றது. வயிற்று நோவாகவும் இருக்கலாம். நான் எதையும் உடனே நம்புகிறவன் அல்ல.

ரொறன்ரோ திரும்பிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை அண்ணை என் யன்னலைத் தடவ வரவில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது. தேடிக்கொண்டு போனேன். மார்ச் கடைசியாகியும் பிளாசாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பூங்காவில் பனி முழுதாகக் கரையவில்லை. மூலைகளில் அழுக்குக் குவியலாகக் கிடந்தது. குளிரில் மூக்கு விறைத்தது. ஊஞ்சலடியில் அண்ணை குந்தியிருந்தார். முன்னால் சிவானி, பெரிய குளிர் ஜாக்கெற், தொப்பி, சப்பாத்து. நீச்சல் வகுப்பு என்ன ஆனது என்று கேட்டேன். அது முடிந்துவிட்டதாம், பியானோவும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டதாம். மெலனியே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாளாம். அவருடைய கையில் பச்சை மூடிப் போத்தல், புதிது, பெரியது. தொப்பிக்கும் கழுத்துக்கும் இடையில் தெரிந்த கொஞ்சத் தோலில், உள்ளங்கையில் விட்டு, கவனமாகப் பூசிக்கொண்டிருந்தார்.

இந்தக் குளிரில் ஸ்காபரோவில் ஒரு நுளம்பும் உயிரோடு இல்லை. அதை அவருக்குச் சொல்வதற்கு என்னிடம் நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன. போத்தலைப் பார்த்த உடனேயே மனதில் அடுக்கிவிட்டேன்.

பக்கத்தில் குந்தியிருந்து, என் ஜாக்கெற் கையை முழங்கைவரை சுருட்டி, அவர் கோடு கிழித்துப் பூசிய அந்த இடது கையை அவருக்கு முன்னால் நீட்டினேன்.